வளிம எக்சு-கதிர் எண்ணிகளில் பின்புல இரைச்சலைக் குறைத்தல்

வளிமம் நிரப்பிய எக்சு-கதிர் எண்ணியில், அளக்க விரும்பும் எக்சு-கதிரால் அல்லாமல் வேறு காரணங்களால் பதிவாகும் துடிப்புகளின் தொகுப்பே பின்புல இரைச்சல் அல்லது பின்புலம் எனப்படும். விண்வெளியிலிருந்து வரும் அண்டக் கதிர்கள், பாறையிலும் கட்டடத்திலும் உள்ள இயற்கைக் கதிரியக்கம், எண்ணி செய்யப்பட்ட பொருளில் கலந்திருக்கும் கதிரியக்க மாசு, மின்னணுச் சுற்றின் இரைச்சல் ஆகியவை இதற்கு முதன்மைக் காரணங்கள். பின்புலத்தை முழுமையாக நீக்க இயலாது. அதனைக் குறைப்பதும், எஞ்சியதைச் சரியாக அளந்து கழிப்பதுமே நடைமுறை.

ஒருவர் தேடும் துகள் மற்றொருவருக்கு இரைச்சலாக அமைவது இத்துறையின் இயல்பு. பழனி மலையிலுள்ள கொடைக்கானலில் 1950-களில் இயங்கிய அண்டக் கதிர் நிலையம் எந்தத் துகள்களை எண்ணியதோ, அதே வகைத் துகள்களையே எக்சு-கதிர் வானியலாளர்கள் விலக்க முயல்கின்றனர். அங்கு அண்டக் கதிரைப் பற்றிக் கற்ற பாடங்கள் எக்சு-கதிர் எண்ணிக்கும் பொருந்துகின்றன.

எண்ணி செயல்படும் விதம்

வளிம எண்ணிகளில் எக்சு-கதிருக்கு மிகுதியாகப் பயன்படுவது விகிதசம எண்ணி. உலோகக் கூட்டுக்குள் ஆர்கான் அல்லது செனான் வளிமமும், அதனுடன் சிறிதளவு மெத்தேனும் நிரப்பப்படும். நடுவே மெல்லிய நேர்மின்வாய்க் கம்பி ஒன்று உயர் மின்னழுத்தத்தில் இருக்கும். எக்சு-கதிர் புகுவதற்கு மெல்லிய சாளரம் உண்டு.

உள்ளே புகும் எக்சு-கதிர் ஒளியன் ஒளிமின் விளைவால் வளிம அணுவில் உட்கவரப்பட்டு ஓர் எலக்ட்ரானை வெளியேற்றுகிறது. அந்த எலக்ட்ரான் மேலும் பல அணுக்களை அயனியாக்குகிறது. ஆர்கானில் ஓர் எலக்ட்ரான்-அயனி இணை உருவாகச் சராசரியாக 26 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் செலவாகும். எனவே இரும்பு-55 மூலம் தரும் 5.9 கிலோ எலக்ட்ரான்வோல்ட் எக்சு-கதிர், ஏறத்தாழ 225 இணைகளை உருவாக்கும். இந்த எலக்ட்ரான்கள் கம்பியை நெருங்கும்போது வலுவான மின்புலத்தால் பல ஆயிரம் மடங்காகப் பெருகி ஒரு துடிப்பாக வெளிவருகின்றன. துடிப்பின் உயரம் எக்சு-கதிரின் ஆற்றலுக்கு விகிதசமமாக இருப்பதால்தான் இந்தப் பெயர்.

துடிப்பின் உயரத்தைக் கொண்டே எக்சு-கதிரைப் பிற துகள்களிலிருந்து பிரித்துவிடலாம் என்று தோன்றும். அது போதாது. அண்டக் கதிர்களால் உருவாகும் மியூவான், இயல்பு அழுத்தத்திலுள்ள ஆர்கானில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஏறத்தாழ 2.5 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலை இழக்கும். 2 சென்டிமீட்டர் தடிமனுள்ள வளிமத்தைக் கடந்தால் இழப்பு 5 கிலோ எலக்ட்ரான்வோல்ட். இது இரும்பு-55 தரும் எக்சு-கதிரின் ஆற்றலுக்கு மிக அருகில் உள்ளது. உயரத்தை மட்டும் பார்க்கும் எண்ணிக்கு இரண்டும் ஒன்றே.

பின்புலம் எங்கிருந்து வருகிறது

அண்டக் கதிர்: விண்வெளியிலிருந்து வரும் உயர் ஆற்றல் புரோட்டான்களும் பிற அணுக்கருக்களும் வளிமண்டலத்தில் மோதி மியூவான், நியூட்ரான், எலக்ட்ரான் முதலியவற்றை உருவாக்குகின்றன. கடல்மட்டத்தில் கிடைமட்டமான ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பை நிமிடத்திற்கு ஏறத்தாழ ஒரு மியூவான் கடக்கிறது. 100 சதுர சென்டிமீட்டர் சாளரமுள்ள எண்ணியில், வேறு எதுவும் இல்லாமலேயே, நிமிடத்திற்கு நூறு அளவில் துடிப்புகள் வரும்.

சுற்றுப்புறக் கதிரியக்கம்: பாறையிலும் செங்கல்லிலும் சிமெண்டிலும் பொட்டாசியம்-40, யுரேனியம், தோரியம் ஆகியவை சிறிதளவு உள்ளன. இவை வெளியிடும் காமாக் கதிர்கள் எண்ணியின் சுவரில் எலக்ட்ரான்களைக் கிளப்பும். இந்த அளவு இடத்திற்கு இடம் மாறும். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் தோரியம் உள்ள மோனசைட் மணல் கிடைப்பதால் அங்கு இயற்கைக் கதிரியக்கம் மிகுதி.

எண்ணியின் உட்பொருள்: வளிமமே கதிரியக்கம் கொண்டதாக இருக்கலாம். காற்றிலிருந்து பிரித்தெடுக்கும் ஆர்கானில், அண்டக் கதிர்களால் உருவான ஆர்கான்-39 கிலோகிராமுக்கு ஏறத்தாழ 1 பெக்கரல் அளவில் உள்ளது. காற்றிலிருந்து பெறும் கிரிப்டானில், அணு எரிபொருள் மறுசெயலாக்கத்தால் கலந்த கிரிப்டான்-85 உண்டு. கவசமாக வைக்கும் காரீயத்திலும் காரீயம்-210 இருக்கக்கூடும். அதன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 22 ஆண்டுகள் என்பதால், நுண்ணிய அளவீடுகளுக்கு மிகப் பழைய காரீயத்தை ஆய்வாளர்கள் தேடிப் பெறுகின்றனர்.

ஏன் குறைக்க வேண்டும்

பின்புலம் கூடுதலாக இருந்தால் அதைக் கழித்துவிட்டால் போதுமே என்ற கேள்வி எழும். ஓர் எடுத்துக்காட்டு இதற்கு விடை தரும். ஒரு மூலத்திலிருந்து நொடிக்கு 1 துடிப்பும், பின்புலமாக நொடிக்கு 100 துடிப்புகளும் வருவதாகக் கொள்வோம். எண்ணிக்கையில் ஏற்படும் தற்செயல் ஏற்றத்தாழ்வு மொத்த எண்ணிக்கையின் வர்க்கமூலம் ஆகும். மூலத்தின் எண்ணிக்கை இந்த ஏற்றத்தாழ்வைப் போல் 3 மடங்காக வேண்டுமெனில் 909 நொடிகள், அதாவது கால் மணி நேரம், எண்ண வேண்டும். பின்புலம் நொடிக்கு 10 ஆகக் குறைந்தால் 99 நொடிகளே போதும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றுண்டு. பின்புலத்தின் சராசரி அளவே 2 விழுக்காடு பிழையுடன்தான் தெரியும் என்றால், நொடிக்கு 100 என்ற பின்புலத்தில் பிழை நொடிக்கு 2 துடிப்புகள். தேடும் மூலமோ நொடிக்கு 1 துடிப்புதான். இந்த நிலையில் கால் மணி நேரம் அல்ல, ஒரு மாதம் எண்ணினாலும் மூலம் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாது. பின்புலத்தின் மாற்றத்தைப் புரிந்துகொள்வது அதைக் குறைப்பதற்கு இணையான தேவை.

கொடைக்கானலும் அண்டக் கதிர்களும்

கொடைக்கானல் வானாய்வகம் 1899-இல் நிறுவப்பட்டது. கடல்மட்டத்திலிருந்து 2343 மீட்டர் உயரத்தில் உள்ளது. சூரியக் கரும்புள்ளிகளில் வளிமம் வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-இல் இங்குதான் கண்டறிந்தார். புவிக்காந்த அளவீடுகளும் இங்கு நடைபெற்று வந்துள்ளன. விக்ரம் சாராபாய் 1947-இல் அகமதாபாத்தில் தொடங்கிய இயற்பியல் ஆராய்ச்சி ஆய்வகம், 1950-களில் கொடைக்கானலிலும் திருவனந்தபுரத்திலும் அண்டக் கதிர்ப் பதிவுகளை மேற்கொண்டது. அண்டக் கதிர்ச் செறிவு நாள்தோறும் எவ்வாறு மாறுகிறது என்பது சாராபாயின் முதன்மை ஆய்வுப்பொருள்.

இந்த இடத்துக்கு இரண்டு சிறப்புகள் உண்டு. முதலாவது, புவிக்காந்த நடுக்கோடு. அது தென் தமிழ்நாட்டை ஒட்டிச் செல்கிறது. அங்கு புவியின் காந்தப்புலக் கோடுகள் தரைக்கு ஏறத்தாழ இணையாக இருப்பதால், மேலிருந்து வரும் மின்னூட்டத் துகள்கள் அவற்றைக் குறுக்காகக் கடந்தாக வேண்டும். ஆற்றல் குறைந்தவை வளைந்து திரும்பிவிடும். தென்னிந்தியாவில் இந்த நுழைவு வரம்பு ஏறத்தாழ 17 கிகாவோல்ட். அதாவது ஏறத்தாழ 16 கிகா எலக்ட்ரான்வோல்ட்டுக்குக் குறைந்த ஆற்றலுள்ள புரோட்டான் இங்கு செங்குத்தாக நுழைய இயலாது. உலகிலேயே மிக உயர்ந்த வரம்புகளுள் இது ஒன்று. துருவப் பகுதிகளில் வரம்பு 1 கிகாவோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிடும்.

இரண்டாவது, உயரம். கொடைக்கானலில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ முக்கால் பங்கே. தடுக்கும் காற்று குறைவதால் மியூவான்கள் ஓரளவு கூடுகின்றன. நியூட்ரான்கள் பல மடங்கு கூடுகின்றன. ஆகவே காந்தப்புலம் குறைப்பதை மலையின் உயரம் ஓரளவு திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அண்டக் கதிரை ஆராய்பவருக்கு இது நல்ல வாய்ப்பு. அதே மலையில் ஒரு எக்சு-கதிர் எண்ணியை இயக்குபவருக்குக் கூடுதல் பின்புலம்.

கொடைக்கானல் போன்ற நிலையங்களின் பதிவுகளில் காற்றழுத்தத் திருத்தம் இன்றியமையாதது. வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும். அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் உயர்ந்தால் நியூட்ரான் எண்ணிக்கை ஏறத்தாழ 0.7 விழுக்காடு குறையும். விண்வெளியிலிருந்து வரும் நாள்மாற்றமும் சிறிய அளவினதே. எனவே அழுத்தத்தின் விளைவைக் கழிக்காமல் விட்டால், காற்றின் ஏற்ற இறக்கம் அண்டக் கதிரின் மாற்றம்போலத் தோன்றும். எக்சு-கதிர் எண்ணியைச் சில மணி நேரம் தொடர்ந்து இயக்கும் மாணவரும் இதே பிழையில் விழக்கூடும்.

பின்புலத்தைக் குறைக்கும் வழிகள்

கவசம்: எண்ணியைச் சுற்றி அடர்த்தியான உலோகத்தை வைத்தால் காமாக் கதிர்கள் குறையும். ஆனால் காரீயமோ வெள்ளீயமோ கதிரை உட்கவர்ந்தபின் தானே தனக்குரிய எக்சு-கதிரை வெளியிடும். அதனால் கவசம் பல அடுக்குகளாக அமைக்கப்படுகிறது. வெள்ளீயம் வெளியிடும் ஏறத்தாழ 25 கிலோ எலக்ட்ரான்வோல்ட் எக்சு-கதிரை அதன் உட்புறத்துச் செம்பு தடுக்கும். செம்பு வெளியிடும் ஏறத்தாழ 8 கிலோ எலக்ட்ரான்வோல்ட் கதிரை அடுத்துள்ள அலுமினியம் தணிக்கும். மியூவான்களை இந்தக் கவசம் தடுக்காது. அவை பல மீட்டர் பாறையையும் துளைத்துச் செல்பவை.

எதிர்-உடனிகழ்வு: கவசம் தடுக்க இயலாததை மின்சுற்று தடுக்கிறது. இத்தாலிய இயற்பியலாளர் புருனோ ரோசி 1930-இல், பல எண்ணிகள் ஒரே கணத்தில் துடித்தால் மட்டும் பதிவு செய்யும் உடனிகழ்வுச் சுற்றை வெளியிட்டார். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கைகர் எண்ணிகள் ஒருசேரத் துடித்தால், ஒரே அண்டக் கதிர்த் துகள் அவற்றை ஊடுருவியது என்று பொருள். அண்டக் கதிர்த் தொலைநோக்கிகள் இந்த முறையில் இயங்கின. எக்சு-கதிர் எண்ணியில் இதே சுற்று தலைகீழாகப் பயன்படுகிறது. எக்சு-கதிர் பெரும்பாலும் ஒரே இடத்தில் நின்றுவிடும். மின்னூட்டத் துகள் பல அறைகளைக் கடந்து செல்லும். எனவே முதன்மை எண்ணியைச் சுற்றிக் காவல் எண்ணிகளை வைத்து, இரண்டும் ஒருசேரத் துடித்தால் அந்நிகழ்வு தள்ளப்படுகிறது.

ரோசியின் பங்கு இத்துடன் முடியவில்லை. வானில் எக்சு-கதிரைத் தேடலாம் என்று ரிக்கார்டோ ஜியாக்கோனியைத் தூண்டியவரும் அவரே. 1962 சூன் 18 அன்று ஏவுகலத்தில் சென்ற கைகர் எண்ணிகள், சூரியக் குடும்பத்துக்கு வெளியே உள்ள முதல் எக்சு-கதிர் மூலமான விருச்சிகம் எக்சு-1 என்பதைக் கண்டறிந்தன. அந்த எண்ணிகளைச் சுற்றி எதிர்-உடனிகழ்வுக் காவல் அமைக்கப்பட்டிருந்தது.

துடிப்பின் வடிவம்: எக்சு-கதிர் உருவாக்கும் எலக்ட்ரான்கள் சிறு திரளாக ஓரிடத்தில் பிறந்து ஏறத்தாழ ஒரே நேரத்தில் கம்பியை அடைகின்றன. அதனால் துடிப்பு விரைவாக எழும். மியூவானோ வேகமான எலக்ட்ரானோ நீண்ட தடத்தை விட்டுச் செல்லும். தடத்தின் அருகிலுள்ள எலக்ட்ரான்கள் முதலிலும் தொலைவிலுள்ளவை பின்னரும் வந்து சேர்வதால் துடிப்பு மெதுவாக எழும். இந்த எழு நேரத்தை அளந்து இரு வகையையும் பிரிக்கலாம். உயரத்தில் ஒன்றாகத் தோன்றிய இரு துடிப்புகளும் வடிவத்தில் பிரிந்துவிடுகின்றன.

வளிமத் தூய்மை: ஆக்சிசன் போன்ற மாசு சிறிதளவு கலந்தாலும் எலக்ட்ரான்களைப் பற்றிக்கொள்ளும். துடிப்பின் உயரம் சிதறி, ஒரே ஆற்றலுள்ள எக்சு-கதிர் அகன்ற முகடாகப் பரவும். முகடு அகன்றால் அதன் அடியில் சேரும் பின்புலமும் கூடும். எனவே மூடிய எண்ணிகளில் வளிமத் தூய்மிப்பான் இணைக்கப்படுகிறது.

பார்வைப் புலம்: சாளரத்தின் முன்னே சதுரக் குழல்களை நெருக்கமாக அடுக்கினால், நேராக வரும் கதிர் மட்டும் உள்ளே புகும். வானத்தின் பிற திசைகளிலிருந்து வரும் பரவலான எக்சு-கதிர் குறையும்.

மலையிலிருந்து விண்வெளிக்கு

விண்மீன்களிலிருந்து வரும் எக்சு-கதிர் கொடைக்கானலின் உயரத்துக்கும் வந்து சேர்வதில்லை. தலைக்கு மேலுள்ள முக்கால் பங்குக் காற்று அதனை முழுமையாக உட்கவர்ந்துவிடும். ஆகவே எண்ணியை மேலே கொண்டு செல்ல வேண்டும். காந்த நடுக்கோட்டுக்கு அருகிலுள்ள தும்பாவிலிருந்து 1960-களின் இறுதியில் ஏவுகலங்கள் எக்சு-கதிர் எண்ணிகளைச் சுமந்து சென்றன. ஐதராபாத்திலிருந்து டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் பலூன்களில் எண்ணிகளை அனுப்பியது. அங்கும் நுழைவு வரம்பு மிக உயர்ந்தது. காற்று மெலிந்த உயரத்தில் அண்டக் கதிரை நேரடியாகச் சந்திக்கும் எண்ணிக்கு இந்தக் காந்தக் காவலே முதல் கவசம்.

காவல் இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதை 1996 மார்ச் 21 அன்று ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ்.-பி3 செயற்கைக்கோள் காட்டியது. அதில் 90 விழுக்காடு ஆர்கானும் 10 விழுக்காடு மெத்தேனும் நிரப்பிய மூன்று விகிதசம எண்ணிகள் இருந்தன. ஆனால் அது புவியைப் படம் எடுப்பதற்காகத் துருவப் பாதையில் சுற்றிய செயற்கைக்கோள். துருவப் பகுதிகளிலும், மின்னூட்டத் துகள்கள் மிகத் தாழ்ந்து வரும் தென் அட்லாண்டிக் முரண்பகுதியிலும் பின்புலம் அளவின்றி உயர்ந்தது. நாளுக்கு 14 சுற்றுகள் இருந்தும் ஏறத்தாழ 5 சுற்றுகளே எக்சு-கதிர் அளவீட்டுக்குப் பயன்பட்டன.

வானியலுக்கென்றே உருவான ஆஸ்ட்ரோசாட், 2015 செப்டம்பர் 28 அன்று ஏவப்பட்டது. அதன் பாதை ஏறத்தாழ 650 கிலோமீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு 6 பாகை மட்டுமே சாய்ந்தது. ஆகவே செயற்கைக்கோள் பெரும்பாலும் உயர் நுழைவு வரம்புள்ள பகுதியிலேயே சுற்றுகிறது. முரண்பகுதியின் ஓரத்தை மட்டும் தொட்டுச் செல்கிறது.

ஆஸ்ட்ரோசாட்டிலுள்ள பெரும்பரப்பு எக்சு-கதிர் விகிதசம எண்ணிகள் மூன்றும் டாட்டா நிறுவனத்தில் உருவானவை. ஒவ்வொன்றிலும் செனானும் மெத்தேனும் ஏறத்தாழ 2 வளிமண்டல அழுத்தத்தில் நிரப்பப்பட்டன. வளிமத்தின் ஆழம் 15 சென்டிமீட்டர். கம்பிகள் ஐந்து அடுக்குகளாக 60 அறைகளில் அமைந்துள்ளன. பக்கங்களிலும் அடியிலும் காவல் அறைகள் உண்டு. பார்வைப் புலம் ஏறத்தாழ 1 பாகை.

இங்கு எதிர்-உடனிகழ்வு விதியில் ஒரு நுட்பமான விலக்கும் உண்டு. 34.5 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேற்பட்ட எக்சு-கதிர் செனானில் உட்கவரப்படும்போது, அந்த அணு பலமுறை 30 கிலோ எலக்ட்ரான்வோல்ட் அளவிலான எக்சு-கதிர் ஒன்றை வெளியிடும். அது வேறோர் அறையில் நிற்கக்கூடும். அப்போது ஒரே எக்சு-கதிரால் இரண்டு அறைகள் துடிக்கும். விதியைக் கண்மூடிப் பின்பற்றினால் உண்மையான குறிப்பலையே இரைச்சல் என்று தள்ளப்பட்டுவிடும். எனவே இரண்டு துடிப்புகளில் ஒன்று செனானுக்குரிய அந்த ஆற்றலில் இருந்தால், இரண்டையும் கூட்டி ஒரே நிகழ்வாக எண்ணியின் சுற்று ஏற்றுக்கொள்கிறது.

எஞ்சும் பின்புலம்

இவ்வளவு ஏற்பாடுகளுக்குப் பின்னும் பின்புலம் எஞ்சும். செயற்கைக்கோள் சுற்றும்போது நுழைவு வரம்பு மாறுவதால் அதுவும் மாறிக்கொண்டே இருக்கும். ஆஸ்ட்ரோசாட் எண்ணிகளில் ஏறத்தாழ ஒரு நாள் கால அளவிலான ஏற்ற இறக்கம் காணப்படுகிறது. இதைக் கழிக்க, குறிப்பிடத்தக்க மூலங்கள் இல்லாத வெற்று வானத்தை நோக்கி அளவெடுத்து, அந்த எண்ணிக்கையைச் செயற்கைக்கோள் இருக்கும் அகலாங்கு, நெட்டாங்கு ஆகியவற்றோடு பொருத்திப் பார்க்கின்றனர். மங்கலான மூலங்களுக்கு, மூலத்தின் பங்கு மிகக் குறைவாக இருக்கும் 50 முதல் 80 கிலோ எலக்ட்ரான்வோல்ட் பகுதியின் எண்ணிக்கையிலிருந்து பின்புலத்தை மதிப்பிடும் முறையும் உள்ளது. குறைந்த ஆற்றல் எக்சு-கதிர் மேலடுக்கிலேயே நின்றுவிடுவதால், அந்த அடுக்கை மட்டும் எடுத்துக்கொண்டு கீழ் அடுக்குகளின் பின்புலத்தைத் தவிர்ப்பதும் உண்டு.

கல்லூரி ஆய்வகத்தில் இதன் எளிய வடிவத்தை எவரும் செய்து பார்க்கலாம். மூலத்தை வைக்காமல் ஒருமுறையும், வைத்து ஒருமுறையும், மீண்டும் வைக்காமல் ஒருமுறையும் சம நேரம் எண்ண வேண்டும். முதலும் கடைசியும் தற்செயல் ஏற்றத்தாழ்வுக்கு மேல் வேறுபட்டால், பின்புலம் இடையில் மாறியிருக்கிறது என்று பொருள். அப்போது அழுத்தம், வெப்பநிலை, மின்னழுத்தம் ஆகியவற்றைச் சரிபார்க்காமல் கழித்தலை நம்பக்கூடாது.

உதகமண்டலத்தில் இயங்கும் கிரேப்ஸ்-3 ஆய்வகத்தில் இன்றும் ஆயிரக்கணக்கான விகிதசம எண்ணிகள், ஆர்கானும் மெத்தேனும் நிரம்பி, இரண்டு மீட்டர் தடிமனுள்ள கான்கிரீட்டுக்கு அடியில் மியூவான்களை எண்ணிக்கொண்டிருக்கின்றன. ஆஸ்ட்ரோசாட்டின் எண்ணிகளும் அதே அடிப்படையில் இயங்குபவை. ஒன்று மியூவானை ஏற்கிறது. மற்றது மின்னூட்டத் துகளைத் தள்ளுகிறது. எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்று முடிவு செய்யும் சுற்றும், தள்ள முடியாமல் எஞ்சியதன் அளவைத் தெரிந்துவைத்திருப்பதுமே அந்த வேறுபாட்டை உண்டாக்குகின்றன.